ஓரக்கண் டீச்சர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. எதிர்வீட்டு சில்வர் ஓக் மரம் தெரியவில்லை. இது பனியின் குற்றம், என் கண்ணின் குற்றம் இல்லை என்று என் வீட்டுக்காரி தெரசா சொன்னாள். ஆறுதலாம்.

நேற்று சேலம், கண் ஆஸ்பத்திரி. போக வர நாலு மணி நேரம், காத்திருந்தது மூன்று மணி நேரம், டாக்டரம்மா பார்த்தது நாலு நிமிடம். என் பேத்தி வயது. வலது கண் நடுவில் ஓர் அழுக்குத் திட்டு இருக்கிறதே, புரை, உரித்தால் சரியாகும் என்று ஊரே சொன்னதே, அது புரை இல்லையாம். விழித்திரைக்கு நடுவில் மேக்குலா என்று ஓர் இடமாம். வயதானால் சிலருக்கு அது கெட்டுப்போகுமாம். அந்தச் சிலரில் நான் எப்படிச் சேர்ந்தேன் என்று கேட்டேன். "பீடி குடிப்பீங்களா?" என்றாள். தெரசா என்னை முந்திக்கொண்டு "ஆமாங்க" என்றாள். இதற்கு மட்டும் வாய்.

வலது கண் போனது போனதுதான். இடது கண்ணைக் காப்பாற்ற வேண்டும். இனி வ.க., இ.க. என்றே எழுதுகிறேன். எழுத்துக் குறைந்தால் கண்ணுக்கு மிச்சம்.

கொடுத்தனுப்பியவை:
துண்டுப் பிரசுரம் ஒன்று. எறும்பு எழுத்து, அதுவும் சாம்பல் நிறத்தில். கண் தெரியாதவனுக்கு என்று அச்சடித்த புத்திசாலி எவனோ.
கட்டம் போட்ட தாள் ஒன்று. நடுவில் ஒரு புள்ளி. தினமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் புள்ளியைப் பார்க்க வேண்டும். "கோடு வளைஞ்ச மாதிரி தெரிஞ்சா அன்னைக்கே கிளம்பி வந்துருங்க தாத்தா."

தாத்தா! முப்பத்தெட்டு வருடம் எஸ்டேட் ரைட்டர். ஆள் பேர் எழுதும் செக்ரோல் பக்கம் பக்கமாக ரூல்தடி உருட்டிக் கோடு போட்டவன். எனக்குக் கோடு பார்க்கச் சொல்லித் தருகிறாள்.

வாங்க வேண்டியது: பெரிய பல்பு. தெரசாவுக்குத் தைலம். பீடி (அடித்துவிட்டேன்).

ஜூலை 9, புதன்

தூறல். பலாப்பழ வாசம் வீடு முழுக்க. பக்கத்து வீட்டுக்காரர்கள் தின்கிறார்கள், வாசம் நமக்கு.

பஜாரில் மளிகைக்கடை பழனிசாமி. வாய் சும்மா இருக்காமல் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லித் தொலைத்தேன்.

"ஏனுங்க ரைட்டரே, எங்கன்னு சொன்னாங்க?"

"மேக்குலா."

"மூக்குலயாங்க? கண்ணுக்குப் போயி மூக்குல காட்டுறாங்களா? மூக்கு அடைச்சாக் கண்ணுக்கு ரத்தம் போகாதுங்க. எங்க மாமாவுக்கும் இப்படித்தான்."

மூக்கு இல்லை, மேக்குலா என்றேன். "அதத்தானுங்க நானும் சொல்றேன்" என்று யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில் எடுத்து வைத்தான். தெரசாவுக்கு எப்படியும் தைலம் வேண்டும், வாங்கிக்கொண்டேன். ஆயிரம் பேரைக் கொன்றால் அரை வைத்தியன் என்பார்கள். இவன் கால் வைத்தியன்கூட இல்லை, ஆனாலும் கடை வாசலில் எந்நேரமும் நாலு பேர் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

மாலைக்குள் என் மூக்கைப் பற்றி மூன்று பேர் விசாரித்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஓரக்கண் டீச்சர். ஸ்டெல்லா. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ரிடையர் ஆனவர். ஓரக்கண் டீச்சர் என்பது நான் வைத்த பேர்தான், இப்போது மாதா கோயிலில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். நாலு வருடமாகப் பார்க்கிறேன். நான் கை உயர்த்துவேன். ரைட்டர் வணக்கம் அப்படித்தான், கையைக் காது வரை தூக்கினால் போதும், நடு பஜாரில் கூவுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. துரைக்கே அதுதான் வணக்கம். இந்த அம்மாவுக்குப் போதவில்லை. தலையைத் திருப்பி, நம் தோளுக்கு மேலே எதையோ ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போவார். பார்த்தும் பார்க்காத மாதிரி. இன்றும் அப்படியே.

அவர் புருஷன் இறந்தபோது கல்லறைக்குப் போனேன். வீட்டு ஜெபத்துக்குப் போகவில்லை. வணக்கம் வாங்கத் தெரியாத வீட்டில் எனக்கென்ன ஜெபம்.

ஜூலை 11, வெள்ளி

வெயில்! அரை மணி நேரம். தெரசா எல்லாத் துணியையும் வெளியே போட்டாள், மழை வந்தது, எல்லாத் துணியையும் உள்ளே எடுத்தாள்.

பெங்களூரில் இருக்கும் மகன் நேற்றிலிருந்து வீடியோ அனுப்புகிறான். பதினொன்று. தகவல் சேகரித்துத் தருகிறானாம். இதுவரை நான் கற்றது:

பொன்னாங்கண்ணிக் கீரை.
கேரட் (பச்சையாக).
தொப்புளில் விளக்கெண்ணெய்.
சூரியனை நேராகப் பார்க்க வேண்டும்.
சூரியனைப் பார்க்கவே கூடாது.

கடைசி இரண்டும் ஒரே ஆள் சொன்னது, வேறு வேறு சட்டையில்.

கண் நோய்க்கான உதவி எண் ஒன்றும் அனுப்பியிருந்தான். அடித்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும். இ.க.வைத் தேய்த்துக்கொண்டு ஒன்றைத் தேடி அழுத்தினேன். பாட்டு. பிறகு ஒரு பெண்: "சார், லிங்க் அனுப்பறோம், அதுல ஃபார்ம் ஃபில் பண்ணிடுங்க." அம்மா, எனக்கு எழுத்துத் தெரியவில்லை என்றுதானே கூப்பிடுகிறேன் என்றேன். "அப்ப உங்க வீட்ல யாராவது இருந்தா ஃபில் பண்ணச் சொல்லுங்க சார்." கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுதான். ஃபோனை வைத்தேன்.

கட்டத் தாள்: இரண்டு கண்ணாலும் பார்த்தேன், எல்லாம் நேராக இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பதெல்லாம் வேலையற்றவர்களுக்கு.

ஜூலை 14, திங்கள்

பனி. கரண்ட் போய் வந்தது.

தெரசா தொந்தரவு தாங்காமல் வ.க.வை மூடிக்கொண்டு இ.க.வால் தாளைப் பார்த்தேன். புள்ளிக்குக் கீழே இரண்டு கோடு தொய்ந்து கிடக்கிறது. துணி காயப்போடும் கயிறு போல. அச்சடித்தவனுக்குக் கோடு போடத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி கட்டத் தெரிகிறது, ஏசி வைக்கத் தெரிகிறது, ஒரு கோடு நேராகப் போடத் தெரியவில்லை!

தெரசாவிடம் காட்டினேன்.

"ஏனுங்க, எனக்கு நேராத்தானுங்க தெரியுது."

"உனக்கு என்ன தெரியும்?"

"கோடு தெரியுதுங்க."

நானே போட்டுக் காட்டுகிறேன் என்றேன். பழைய ரூல்தடி எங்கே என்று கேட்டால், சப்பாத்தி மாவு தேய்க்க எடுத்து அப்புறம் காணோமாம். ஸ்கேல் எடுத்தேன். கறுப்பு மை, வெள்ளைத் தாள், கால் அங்குலக் கட்டம், அரை மணி நேரம். இ.க.வால் பார்த்தேன். தொய்வு. அதே இடம்.

ஸ்கேல் வளைந்துவிட்டது. பிளாஸ்டிக். அடுப்பு மேடையில் வைத்திருப்பாள். நாளை பஜாரில் இரும்பு ஸ்கேல் வாங்க வேண்டும்.

பீடி இரண்டு. எழுதிவைக்கிறேன், பொய் சொல்லமாட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

வரிசையாக எழுத வேண்டும்.

ஸ்டேஷனரிக் கடை. இரும்பு ஸ்கேல் கேட்டேன். கடைக்காரனின் தாளிலேயே கோடு போட்டு, வ.க.வைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தேன். வளைவு. "என்னய்யா கடை நடத்துற, இரும்புகூடக் கோணலாத்தான் விக்கிறியா?" என்று சத்தம் போட்டேன். கடைக்காரன் ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்து, "நேராத்தானுங்க இருக்குது" என்றான். பக்கத்தில் பட்டை மார்க்கர் வாங்கிக்கொண்டு நின்றது ஓரக்கண் டீச்சர். தலையைத் திருப்பி, என் காதுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரைட்டருங்களா? குரலு அப்படித்தான் இருக்குது. கோடு எந்த இடத்துல வளையுதுங்க?"

"நடுவுக்குக் கொஞ்சம் கீழ."

"எந்தக் கண்ணு?"

"இடது. வலது போயிடுச்சு."

"எத்தனை நாளாச்சுங்க?"

"நேத்துதான் பார்த்தேன். ஸ்கேல்தான்..."

"ஸ்கேல் இல்லீங்க ரைட்டரே. நானும் ரெண்டு வாரம் கண்ணாடிக் கடைக்காரனத் திட்டிட்டே இருந்தனுங்க. கண்ணாடி சரியில்ல, மாத்திக் குடுன்னு. ரெண்டு வாரத்துல மிச்சமிருந்த கண்ணுக்கும் நடுப் பார்வை போச்சுங்க. கண்ணுக்கு உள்ளார தண்ணி கசியுதுங்க. ஊசி போட்டா நிறுத்தலாம், ஆனா நாளத் தள்ளக் கூடாது. இன்னைக்கே போன் போட்டுச் சொல்லிட்டு நாளைக்கு மொத பஸ்ஸுக்கு எறங்கிருங்க."

இவ்வளவு நேரமும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எரிச்சலோடு கேட்டேன், "டீச்சர், மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாதா?"

"பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். நேராப் பாத்தா உங்க மூஞ்சி இருக்கற எடத்துல ஒரு ஓட்டைதானுங்க. இப்படிப் பக்கத்துல பாத்தாத்தான் உங்க மீசையாவது தெரியுது."

கடைக்காரன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

நாலு வருடம். நான் உயர்த்திய கை எதையுமே அந்தம்மா பார்த்ததில்லை. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என்னைவிடப் பெரிய மூடன் இந்த மலையில் யாரும் இல்லை, பழனிசாமியையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஸ்கேல் வாங்கவில்லை. தெரசா ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டுவிட்டாள். பயமாக இருக்கிறது. இ.க.வும் போனால் நான் யார்? படிக்கத் தெரியாத ரைட்டர்.

ஜூலை 16, புதன்

முதல் பஸ். தெரசா, நான். ஸ்டாண்டில் டீச்சர் பையோடு நிற்கிறார். "நானும் வர்றனுங்க." ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் டீச்சர் பாடம். கணக்கு டீச்சர் புத்தி. துண்டுப் பிரசுரத்தில் இல்லாதது, பதினொரு வீடியோவிலும் இல்லாதது:

எழுத்து நடுவில் ஓடிவிட்டால் துரத்தாதே. பக்கத்து எழுத்தைப் பார், இது தானாகத் தெரியும்.
பட்டை மார்க்கர், வெள்ளைத் தாள்.
விளக்கு தோளுக்குப் பின்னால், எதிரில் அல்ல.
ஃபோனில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி உண்டு, பேரனைக் கேள், மகனைக் கேட்காதே.
டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விரலை உள்ளே விட்டுக்கொள்.
யார் வந்தாலும் முதலில் பேரைச் சொல்லச் சொல்.

ஸ்கேன். அதே டாக்டரம்மா. "கசிவு இருக்குங்க, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது. நல்ல நேரத்துல வந்தீங்க தாத்தா." தாத்தா என்று கூப்பிட்டதற்கு இன்று கோபம் வரவில்லை.

கண்ணுக்குள் ஊசி. கண்ணுக்குள்! சொல்லும்போது வலிப்பதைவிடக் குறைவாகத்தான் வலித்தது. பிறகு ஒரு கறுப்புக் குமிழ் கண்ணுக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. நாளைக்குப் போய்விடுமாம். மாதாமாதம் வர வேண்டும். காப்பாற்றிவிடுவோம் என்று சொல்லவில்லை. பார்ப்போம் என்றாள். அந்த ஒரு நேர்மைக்கு மதிப்புப் போடலாம்.

ஜூலை 18, வெள்ளி

பல்பு மாற்றியாயிற்று. பெரிசு. பீடி இல்லை, இரண்டாம் நாள்.

மார்க்கரால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஆறு வரி. குறைத்து எழுத வேண்டும், நல்லது, வசை குறையும்.

இ.க. தொய்வு: இருக்கிறது. கூடவில்லை.

பழனிசாமி விசாரித்தான்: "மூக்கு எப்படீங்க இருக்குது?"

ஜூலை 20, ஞாயிறு

மழை. கோயில்.

வாசலில் யாரோ எதிரே வந்து போனார்கள். இ.க. தொய்வில் எனக்கு முகம் கலங்கித்தான் தெரிந்தது, யாரென்று தெரியவில்லை. பத்தடி தள்ளிப் போனதும் காதில் விழுந்தது: "ரைட்டருக்கு என்ன திமிரு பாரு. பாத்தும் பாக்காத மாதிரி போறாரு."

திரும்பிக் கத்தவில்லை. நாலு வருடமாக நான் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறவில்லை.

பூசை முடிந்து டீச்சரைத் தேடினேன். குடை ஓரமாக நின்றார். முதலில் பேர் சொன்னேன்.

"டீச்சர், ரைட்டர் பேசறேன். ஒண்ணு சொல்லணும். ஊர்ல உங்களுக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க. அது..."

"ஓரக்கண் டீச்சர். தெரியுமுங்க. வெச்சது நீங்கதான்னும் தெரியும். எனக்குக் கண்ணுதானுங்க போச்சு, காது நல்லாத்தான் கேக்குது."

பிறகு கேட்டேன், அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தீர்கள் என்று.

"உங்களுக்காக வரலீங்க. அன்னைக்கு எனக்கும் ஊசி நாளு. பஸ்ஸுல போர்டு படிக்க ஒரு கண்ணாவது வேணுமில்லீங்களா."

அவர் வீட்டு ஜெபத்துக்குப் போகாததற்கு மன்னிப்புக் கேட்டேன். குடையை விரித்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, எனக்குப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அடுத்த மாசம் மொத பஸ்ஸுங்க. போர்ட நீங்க படிங்க. மத்தபடி வாயத் தொறக்காம வாங்க."