ஸ்நோ அள்ள வந்த ஆமி

29.12.1998
இன்றைக்கும் ஸ்நோ இல்லை. நான் ரொறன்ரோவுக்கு வந்து மூன்று மாதமாகிறது. இந்தா வருகுது, அந்தா வருகுது என்கிறார்கள். வந்தால்தானே!

இவர் இதற்குள் ஏழு வருசம் கிடந்தவர், அவருக்கு இது புதினமில்லை. கலியாணம் கட்டி மூன்றாம் மாதமே என்னை ஊரில் விட்டுவிட்டு ஓடிவந்தவர். இப்போது பதினாலாம் மாடியில், ஒரே அறைக்குள், இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருக்கிறோம். "தேத்தண்ணி போடவோ?" "ஓம்." அவ்வளவுதான் கதை.

ஆனால் ஒன்று சொன்னார். "ஸ்நோ விழட்டும். உம்மைக் கீழை கூட்டிக்கொண்டு போய் நடத்திக் காட்டுறன்." அதைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

2.1.1999
வந்துவிட்டது!!

மழை மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். சத்தமே இல்லை. கண் விழித்தால் அறை முழுக்க வெளிச்சம். யன்னலடியில் கனநேரம் நின்றேன். பார்த்துக்கொண்டே நின்றால் ஸ்நோ அந்தரத்தில் நிற்கிறது, எங்கள் கட்டடம்தான் மெல்ல மெல்ல மேலே போகிறது. எங்கே போகிறோம்? தெரியவில்லை. போகட்டும் என்றிருந்தது.

பல்கனியில் ஒரு தம்ளர் அள்ளிச் சீனி போட்டுத் தின்றேன். ருசியில்லை. பல்லுத்தான் கூசியது.

4.1.1999
வெயில் பளீரென்று எறித்தது. இவருடைய சாரத்தைத் தோய்த்துப் பல்கனியில் போட்டேன். இந்த வெயிலுக்குக் காயாமல் என்ன செய்யும்? பின்னேரம் எடுத்தால் உறைந்துபோய்ப் பலகை! மடிக்க ஏலாது. சுவரில் சாத்திவிட்டேன். தலையில்லாத ஆள் மாதிரி நின்றது.

இவர் ரெஸ்ரோரன்ற் வேலையால் வந்து கதவடியில் நின்றபடி, "ஆர் உது? உம்மடை சொந்தக்காரரோ?" என்றார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் சிரித்தார். அவர் பல்லை ஏழு வருசத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்த்தேன்.

10.1.1999
ஞாயிறு. கீழே போக வெளிக்கிட்டு நிற்க, இவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறாம். பார்ப்போம்.

13.1.1999
பக்கத்து வீட்டு மங்கையற்கரசி அன்ரி ஓடிவந்தா. "பிள்ளை, நியூஸ் பாத்தனீரே? ஸ்நோ அள்ள ஆமியைக் கூப்பிட்டிருக்கினமாம்! எங்கடை ஊரிலை ஆமி வந்தால் சனம் ஓடும். இஞ்சை ஸ்நோ ஓடப்போகுது!"

நானும் அன்ரியும் விழுந்து விழுந்து சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை. அன்ரி போனதும் கதவுக்குச் சங்கிலி போட்டார். திரையை இழுத்து மூடினார்.

"லைற்றை நூரும்" என்றார். அணைத்தேன்.

14.1.1999
பொங்கல். வெளியே திரும்பவும் கொட்டுகிறது. சூரியனும் இல்லை, திரையும் திறக்கவில்லை. அடுப்படியில் பொங்கிப் படைத்தேன். இவர் சுகமில்லை என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை.

"இது வேறை ஆமியப்பா" என்றேன்.

"ஆமியிலை வேறை ஆமி எண்டு ஒண்டு இல்லை."

பிறகு கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு, என்னைப் பாராமல் சொன்னார். என்னை விட்டுவிட்டு வெளிக்கிட்டபோது, கொழும்புக்கு வரும் வழியில், வவுனியாவில், ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்தார்களாம். சப்பாத்துக் காலால்... "சப்பாத்துச் சத்தம் கேட்டால் எனக்கு இப்பவும் மூத்திரம் முட்டும், நிரூபா."

எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தது இதுக்குத்தானோ? நான் என்னைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டெல்லோ நினைச்சன். ஐயோ, நான் ஒரு விசரி. பொங்கல் ஆறிப்போய்க் கிடக்குது.

15.1.1999
திரை இடுக்கால் பார்த்தால், கீழே பச்சை உடுப்புகள் தெரிகின்றன. இவர் எழும்பவேயில்லை. திங்கட்கிழமை வராவிட்டால் பிறகு வரவே வேண்டாம் என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார்.

16.1.1999
காலையில் அவருடைய பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, "நான் கீழை போறன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பயம்தான். ஆனால் அந்த இருட்டுக்குள் இன்னொரு நாள் இருந்தால் எனக்கும் விசர் பிடித்துவிடும்.

பஸ் தரிப்பிடத்தில் மூன்று நான்கு ஆமிக்காரர் சவளால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மூக்கெல்லாம் சிவந்து, பாவமாக இருந்தது. பின்னால், "நிரூபா! இஞ்சாலை வாரும்!" என்று சத்தம். திரும்பினேன். இவர்! சாரமும் பெனியனுமாக, செருப்புக்கூட இல்லாமல், ஸ்நோவுக்குள் ஓடிவருகிறார். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றார். கை இரண்டும் தானாக மேலே போயின.

அதைக் கவனிக்காமல் ஒருவன் எறிந்த ஒரு சவள் ஸ்நோ நேராக இவர் காலில் விழுந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"சொறி, சேர்! சொறி!" என்று மன்னிப்புக் கேட்டான். சவளைப் போட்டுவிட்டு, குனிந்து, இவர் காலில் இருந்த ஸ்நோவைக் கையால் தட்டிவிட்டான்.

இவர் கைகளை இறக்கவில்லை. நான்தான் பிடித்து இறக்கினேன்.

லிஃப்ற்றுக்குள் கேட்டார்: "எனக்கோ சொறி எண்டவன்?"

"ஓம்."

"சேர் எண்டும் சொன்னவன், என்ன?"

"ஓமப்பா, சொன்னவன்."

காலுக்குச் சுடுதண்ணி வைத்துக் கொடுத்தேன். வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். என்னைத் தேடி இவர் விலக்கிய திரை அப்படியே திறந்து கிடந்ததைப் பிறகுதான் கவனித்தோம்.

17.1.1999
ஞாயிறு. கீழே போனோம். நேற்று வெறுங்காலோடு ஓடிவந்தவர் இன்றைக்குச் சப்பாத்துப் போட்டிருந்தார், கேலி பண்ணினேன். ஒரு சத்தமும் இல்லாத வெள்ளைத் தெரு. நித்திரைக்குள் நடப்பது போலிருந்தது.

ஆமி ட்ரக் ஒன்று பக்கத்தால் போனது. என் கையை இறுக்கிப் பிடித்தார். ஆனால் நிற்கவில்லை, நடந்தார். ட்ரக் போய் முடிந்த பிறகும் விடவில்லை.

விரல் இப்பவும் நோகிறது. நோகட்டும்.