பங்கேற்பாளர் எண் ஒன்று

வைட்ஃபீல்ட், பெங்களூரு
நவம்பர் 3, திங்கட்கிழமை

அன்புள்ள சுனிதா,

இங்கு நான் நலம். குடியாத்தத்தில் நீயும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தை இப்படித் தொடங்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் என்ன எழுதச் சொன்னார்கள் என்பது மறந்துவிட்டது. தமிழில் ஒரு முழுப் பக்கம் கையால் எழுதுவது பிளஸ் டூ பரீட்சைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நான்காவது வரியிலேயே கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்துவிட்டது. இதையும் உன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்.

உன்னோடு பேசி இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. மற்ற வீடுகளில் மனைவி அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு மாதம் பேசமாட்டேன் என்றால் அதற்குக் கோபம் என்று பெயர். நம் வீட்டில் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். அலுவலகத்தில் கிஷோரிடம் விளக்கிப் பார்த்தேன். நார்வேயில் தகவல் தொடர்பியலில் ஆராய்ச்சி முதுகலைக்கு விண்ணப்பிக்கிறாள், விண்ணப்பத்தோடு சின்னதாக ஒரு முன்னோட்ட ஆய்வும் வைக்க வேண்டும், கணவனும் மனைவியும் வாட்ஸ்அப்பில் சொல்லாததைக் காகிதத்தில் சொல்கிறார்களா என்பதுதான் தலைப்பு, அதனால் முப்பது நாள் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவன், என் தோளைத் தட்டி, ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று விசாரித்தான்.

தபால் பெட்டியைக் கண்டுபிடிப்பதற்கே ஒரு நாள் ஆனது. நம் அபார்ட்மெண்ட் செக்யூரிட்டியிடம் கேட்டால், கூரியர்காரன் வாசலுக்கே வருவானே சார் என்கிறார். கடைசியில் அது நம் பேக்கரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்பது வருடமாக அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். மின்சார வாரியத்தின் ஏதோ பெட்டி என்று நினைத்திருந்தேன்.

நீ வைத்துவிட்டுப் போன குறிப்பைப் படித்தேன். அதில் என்னைப் "பங்கேற்பாளர் எண் ஒன்று" என்று குறிப்பிட்டிருக்கிறாய். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து எனக்குக் கிடைத்திருக்கும் முதல் ரேங்க் இதுதான். எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் மாதம் முடிவதற்குள் ஒரு கேள்விக்கு மட்டும் கட்டாயம் பதில் வர வேண்டும் என்றும் போட்டிருக்கிறாய். நீ இரண்டு வருடம் வெளிநாட்டுக்குப் போய்ப் படிப்பது பற்றி எனக்கு உண்மையில் என்ன தோன்றுகிறது என்ற கேள்வி. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால், கேஸ் சிலிண்டர் புக் செய்துவிட்டேன். பால்கனியில் உன் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட்டேன் போல, கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து பேசிவிட்டுப் போனார். சமையலுக்கு வரும் ஆஞ்சலா, அக்கா எப்போது வருவார்கள் என்று முதல் இரண்டு நாள் கேட்டார். இந்தக் கடிதத்துக்காக நான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்ததைப் பார்த்ததிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டார். நேற்று எனக்காகத் தொம்மலூரில் இருக்கும் தன் வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பிடுங்கண்ணா, உடம்பைப் பாத்துக்கங்க என்றார். துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

ஒப்புதல் படிவம் ஆறு பக்கம் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் இந்தக் கடிதங்களை நீ பயன்படுத்த முடியும் என்பது தெரியும். டிசம்பர் ஒன்றாம் தேதி கடைசி நாள் என்பதும் தெரியும். ஆனால் நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். முழுக்கப் படித்துப் பார்க்காமல் எதற்கும் சரி என்று சொல்லிப் பழக்கமில்லை. படித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கங்கள்.

உன்,
பாலு

(பாலசுப்ரமணியன். ஆராய்ச்சிக்கு முழுப் பெயர் வேண்டுமே என்று எழுதுகிறேன்.)


வைட்ஃபீல்ட்
நவம்பர் 12

அன்புள்ள சுனிதா,

உன் கடிதம் இன்று வந்தது. பிரித்ததும் நாலு பக்கம் என்று சந்தோஷப்பட்டேன். நாலும் திட்டு.

நான் செய்தது தப்புதான். ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டுவிட்டேன். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று எதுவுமே தெரியவில்லை. இரண்டு நீல டிக் வேண்டாம், ஒரு சாம்பல் டிக் கூடவா வராது? ஒரு பொருளை அனுப்பிவிட்டு அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தூங்கி எனக்குப் பழக்கமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த கடிதத்தின் போட்டோவை அத்தையின் போனுக்கு அனுப்பி, அசல் வந்ததும் சொல்லவும் என்று போட்டேன். உன் போனுக்கு அனுப்பினால்தானே விதிமீறல் என்று நினைத்தேன்.

அத்தை அதை அப்படியே குடும்பக் குழுவில் போடுவார் என்று நான் கனவா கண்டேன்? மாப்பிள்ளை கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பெருமைக்குத்தான் போட்டாராம். ஆனால் குழுவில் இருக்கும் நாற்பத்திரண்டு பேரும் கையெழுத்தையா பார்த்தார்கள்? "அம்மா வீடு", "பேசமாட்டேன்", "கோபம்", "கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான்" என்ற வார்த்தைகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் படித்திருக்கிறார்கள். நேற்று மட்டும் ஒன்பது பேர் எனக்குப் போன் செய்தார்கள். ஒருவர் தனக்குத் தெரிந்த நல்ல வக்கீல் ஒருவர் இருக்கிறார் என்றார். இன்னொருவர் ஒன்றுமே பேசாமல் மூச்சு மட்டும் விட்டார். யாரோ அவசரத்தில் குழுவில் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டு, பிறகு அழித்திருக்கிறார்.

ஆராய்ச்சி என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒருவர் கூட நம்பவில்லை. குடும்ப மானத்தைக் காப்பாற்ற மாப்பிள்ளை எவ்வளவு நாசூக்காகச் சமாளிக்கிறார் என்று பாராட்டினார்கள்.

ஆய்வில் சேர்ந்திருந்த மற்ற இரண்டு ஜோடிகளும் விலகிவிட்டதாக எழுதியிருக்கிறாய். ஒரு ஜோடி மூன்றாம் நாளே போனை எடுத்துவிட்டார்கள், இன்னொரு ஜோடி முதல் கடிதத்திலேயே நிஜமாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இப்போது உன் விண்ணப்பமே என்னை நம்பித்தான் இருக்கிறது. ஒரே ஒரு சாம்பிளை வைத்துக்கொண்டு எங்கள் கம்பெனியில் ஒரு பட்டனைக் கூட மாற்ற விடமாட்டார்கள், நார்வேக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா?

படிவம் எங்கே, படிவம் எங்கே என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். நான்காம் பக்கத்தில் இருக்கிறேன்.

உன் தாய்மாமா சின்னப்பா ஞாயிற்றுக்கிழமை அடுகோடியிலிருந்து நேரில் வருகிறாராம். என்ன விஷயம் என்று கேட்டேன். சும்மா, பார்த்து ரொம்ப நாளாச்சு என்றார். லேத் பட்டறையை மூடிவிட்டு அவர் யாரையும் சும்மா பார்க்கப் போனதாக எனக்குத் தெரிந்து சரித்திரமில்லை.

உன்,
பாலு


வைட்ஃபீல்ட்
நவம்பர் 17

அன்புள்ள சுனிதா,

மாமா வந்துவிட்டுப் போய்விட்டார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

தனியாக வரவில்லை. கூடவே மஞ்சுநாத் என்று ஒருவரை அழைத்துவந்தார். மாமாவின் பட்டறைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறாராம், எந்தப் பஞ்சாயத்தாக இருந்தாலும் மாமா அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவாராம். இருவரும் டிராஃபிக்கில் இரண்டேகால் மணி நேரம் மாட்டி, வரும்போதே யார் மீதோ கோபமாக இருந்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜை மேல் வைத்துவிட்டு மாமா நேராக விஷயத்துக்கு வந்தார். "என்னப்பா இது, போன்ல மாத்தாடாம, பேசாம லெட்டர் போட்டுக்கிறது? வக்கீல் யாராச்சும் எழுத்துல குடுன்னு சொன்னாங்களா?" என்றார்.

நான் உன் ஆய்வு முன்மொழிவைக் கொண்டுவந்து காட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் அதைப் புரட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததாலோ என்னவோ, அதை விவாகரத்துப் பத்திரம் என்றே முடிவு செய்துவிட்டார். இதுல நகை பத்தி எந்தப் பக்கத்துல இருக்கு என்று கேட்டார்.

மெதுவாக, ஒவ்வொன்றாக விளக்கினேன். கடைசியில் நீ நார்வே போகப்போகிறாய் என்பது மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்தது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "ரெண்டு வருஷமா? உன்னை இங்க தனியா விட்டுட்டா? இதாம்ப்பா பிரச்சனை, எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். நான் நாளைக்கே குடியாத்தம் போயி நிறுத்திடறேன். என் பேச்சை அவ தட்ட மாட்டா" என்றார்.

நீ தட்டமாட்டாய் என்பது எனக்கும் தெரியும். உன் அப்பா இறந்த பிறகு உன் படிப்புக்கு உறவில் துணை நின்றவர் அவர் ஒருவர்தானே.

சுனிதா, அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தேன். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யோசித்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் கெட்டவன் ஆகாமலே காரியம் முடிந்துவிடும், பழி மாமா தலையில் போகும் என்று யோசித்தேன். இதை உன்னிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

பழம் முடிந்ததும் எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. மாமாவைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டேன். பன்னிரண்டு வருடமாக அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் மேலாளர்களுக்குப் பிறந்த நாள் வாழ்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஆபீஸ் ஷட்டிலில் நின்றுகொண்டே ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தவள் அவள். இந்த முன்மொழிவை ஆறு தடவை அடித்து எழுதினாள். நான்காவது தடவை எழுதியதைத்தான் நீங்கள் விவாகரத்து என்கிறீர்கள், ஆறாவது தடவை எழுதியது இதைவிட நன்றாக இருக்கிறது என்றேன். பதினாலு வருடமாக ஆன்சைட், வெளிநாட்டு வேலை என்று கேட்டுக் கேட்டு நான் ஓசூரைத் தாண்டவில்லை, யாரையும் கேட்காமல் தன் மூளையை மட்டும் வைத்துக்கொண்டு அவள் நார்வே வரைக்கும் போகிறாள், அதைப் போய் நிறுத்துகிறேன் என்கிறீர்களே என்றேன். முக்கால் மணி நேரம் பேசினேன். எனக்கு இவ்வளவு பேச வரும் என்பதே எனக்குத் தெரியாது. ஆஞ்சலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்று கேட்டார்.

மாமா அசந்துபோய்விட்டார். அதுவரைக்கும் வாயே திறக்காத மஞ்சுநாத்தான் முதலில் பேசினார். பாதி கன்னடமும் பாதி தமிழுமாக, "இதெல்லாம் மேடம்கிட்ட ஹேளிதீரா சார், சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். இறங்கிப்போகும்போதே மாமா குடும்பக் குழுவில் தீர்ப்பைப் போட்டுவிட்டார். "நேரில் விசாரித்தேன். பிரச்சனை எதுவும் இல்லை. ரெண்டு பேரும் படிச்சவங்க, அதான் இப்படி." இதற்கு முப்பத்தெட்டு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

படிவத்தில் நான்காம் பக்கத்தில் இருக்கிறேன் என்று எழுதியது பொய். நீ ரயில் ஏறிய அன்று சாயங்காலமே ஆறு பக்கத்தையும் படித்துவிட்டேன், இரண்டு தடவை. கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தால் டிசம்பர் ஒன்று தாண்டிவிடும், நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்று வைத்திருந்தேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததாக நினைவில்லை. நீ திட்டினால் எட்டு பக்கம் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்ட படிவம் இந்தக் கடிதத்தோடு ஸ்பீட் போஸ்ட்டில் வருகிறது. இந்தத் தடவை போட்டோ எடுக்கவில்லை.

நீ போவது பற்றி எனக்கு என்ன தோன்றுகிறது? பயமாக இருக்கிறது. அவ்வளவு படித்தவர்கள் நடுவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தால், கேஸ் சிலிண்டர் பற்றியே பேசுகிற ஒருவனோடு உன்னால் உட்கார முடியுமா என்று பயம். கடந்த மூன்று மாதத்து வாட்ஸ்அப்பை எடுத்துப் பார்த்தேன். நீ உன் படிப்பைப் பற்றி எத்தனையோ அனுப்பியிருக்கிறாய். எதற்கும் நான் ஒரு கேள்வி கூடத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்வாய், பதில் சொன்னால் போவது நிஜமாகிவிடும் என்றுதான் கேட்கவில்லை.

ஆனாலும் நீ போக வேண்டும். மாமாவிடம் சொன்னதில் ஒரு வார்த்தை கூட மிகை இல்லை. உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமை. பதினோரு வருடத்தில் ஒரு தடவையாவது இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை முழுக்கவே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள். எதையும் வெட்ட வேண்டாம். நேர்காணலில், கணவர் என்ன சொல்கிறார் என்று யாராவது கேட்டால், சம்மதம் கொடுத்துவிட்டார் என்று மட்டும் சொல்லிவிடாதே. பயந்தார், பொய் சொன்னார், கடைசியில் போகச் சொன்னார் என்று முழுதாகச் சொல்.

உனக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று காலையில் குளித்ததும் ஒரு தடவை வேண்டிக்கொண்டேன். கிடைக்காமல் போனால் உள்ளூர நான் சந்தோஷப்பட்டுவிடுவேனோ என்று சந்தேகமாக இருந்தது. அதனால் இன்னொரு தடவை வேண்டிக்கொண்டேன். நன்றாக இரு, நன்றாக எழுது.

என்றும் உன்,
பாலு