ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த அப்பாவுக்கு

என் உயிரான அப்பா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள்மேல் இல்லை.

உங்கள் குடியுரிமை மனுவுக்கும் தம்பி மனுவுக்கும் இந்தியா என்றார்கள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இலங்கை என்றார்கள். பதுளை ஸ்டேசனில், "இனி எங்கம்மா பாக்கப்போறோம்?" என்று அழுதபடி ரயிலேறினீர்கள். ரயில், கப்பல், மறுபடியும் ரயில் என்று நீங்கள் திருச்சி போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டு, அது எட்டாத தேசம் என்றே நம்பிவிட்டேன்.

நீங்கள் சாகக் கிடப்பதாகத் தந்தி வந்ததும், டவுனில் டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் பாயிடம் ஓடினோம்.

"கப்பல்ல சுணங்கும்மா. யாழ்ப்பாணம் போய் பலாலியில பிளேன் ஏறுங்க. திருச்சிக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்ல. மொனராகலைக்கு பஸ்ல போற நேரத்தவிடக் கம்மி."

அன்றைக்கே மாட்டை விற்றோம். பாஸ்போர்ட் எடுக்க, நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் என்று தோட்டத்து ஆபீஸ் எழுதித்தர வேண்டும். பெரிய கிளாக்கர் முதலில், "துரை லீவு, அப்புறம் வா" என்றார். அடுத்த தடவை, "சரசுவா, சரஸ்வதியா? பேரே சரியில்லையே" என்றார். அதற்கும் அடுத்து, "கொழுந்து நெறைஞ்சு கெடக்கு. ஆளாளுக்கு இந்தியாவுல அப்பனுக்கு முடியலன்னு வந்தா, யாரு எடுக்கிறது?" என்று கேட்டார்.

கொழுந்துக் கூடையைத் தூக்கி அவர் மேசைமேல் வைத்தேன். "எழுதிக் குடுக்காம நான் இங்கயிருந்து நகர மாட்டேங்க."

எழுதிக்கொடுத்தார். அதற்குப் பிறகு கொழும்பில் எத்தனை வாசல், எத்தனை 'நாளைக்கு வா'! பாஸ்போர்ட்டோடு லயத்து வீட்டுக்குத் திரும்பியபோது இரண்டாவது தந்தி வந்து கிடந்தது.

ஆனாலும் போனேன் அப்பா. விமானம் எழும்பியது, கடல் தெரிந்தது. அழுது முடிப்பதற்குள், இறங்கப்போகிறோம் என்றார்கள். "அவ்வளவுதானா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா, "பயமா இருக்கா?" என்று என் கையைப் பிடித்தார். பயமில்லை. ஆத்திரம்.

தம்பி மொட்டைத் தலையோடு நின்றான். "கடைசி வரைக்கும் அக்கா எங்கன்னுதான் கேட்டாருக்கா. ரொம்ப தூரம்ப்பா, வந்துக்கிட்டிருக்குன்னு சொன்னேன்."

"தூரமாடா? இது தூரமாடா?" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். பாவம், அவன் என்ன செய்வான்?

நீங்கள் அதை நம்பினீர்களா, அப்பா? இல்லை, மகளுக்கு மனசில்லை என்று நினைத்துக்கொண்டே போனீர்களா?

இப்போது அந்த விமானமும் இல்லை, கப்பலும் நின்றுவிட்டது. உங்கள் பேரப்பிள்ளைகள் தெமோதரையில் பள்ளிக்கூடம் போகிறார்கள். தாத்தாவை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால், "எல்லாம் விதி" என்கிறார்கள் லயத்துச் சனங்கள்.

நான் அப்படிச் சொல்லமாட்டேன். யார் யார் என்னை வாசலில் நிறுத்திவைத்தார்கள் என்று ஒருவர் விடாமல் சொல்லி வளர்ப்பேன். இது சத்தியம்.

வந்துகொண்டே இருந்த உங்கள் மூத்த மகள்,
சரசு