விழுந்தவனை எடுக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை

இந்த வயதில்தான் எழுதப் படிக்கக் கற்கிறேன்; எழுத்து கோணலாகத்தான் வருகிறது. படிக்கப்போவது நான்தானே, பொறுத்துக்கொள்கிறேன்.

என் மகள் மலர் பந்தய பைக் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். பேர்பெற்ற ஒரு வீரனைக் கம்பெனிக்கு எடுக்கலாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். இன்று கரியாலூர் மண்பாதையில் அவனை ஓட்டச் சொன்னார்கள். என்னையும் கூட்டிப்போனாள். இரண்டாவது வளைவிலேயே விழுந்தான். முழங்கையில் ரத்தம். அதைக் கவனிக்காமல் பைக்கை நிமிர்த்தி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான்.

"இவனையே எடும்மா" என்றேன்.

"விழுந்தவனையா? இன்னாப்பா நீ, என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவ போலகீதே!"

ரிஷிவந்தியம் மாட்டு வண்டிப் பந்தயத்தில் நானும் ஒருமுறை கவிழ்ந்தேன். எழுந்ததும் செவலைக் காளையின் காலைத்தான் தடவிப் பார்த்தேன். அதைக் கண்ட மாட்டுக்காரர் அப்புறம் பன்னிரண்டு வருஷம் வேறு ஆளைத் தன் வண்டியில் ஏற்றவில்லை. அந்தச் செவலையின் மூச்சுச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

மலரிடம் இதைச் சொன்னேன். அவள் போனில் கம்பெனிக்கு ஏதோ எழுதி, "நீயே படிப்பா" என்று நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'எடுக்கலாம். விழுந்தபின் அவர் முதலில் பைக்கைப் பார்த்தார்.'

கம்பெனி பதில் சொல்ல ஒரு வாரம் ஆகுமாம். அதையும் நானே படித்து இந்த நோட்டில் எழுதிவைப்பேன்.