கார்லீன் தேர்ந்தெடுத்த துப்பாக்கி

மகனே,

அடுத்த மாதம் உனக்கு விடுதலை என்று சிறையிலிருந்து தகவல் வந்தது. மருமகள் கார்லீனுக்கும் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டு, துப்பாக்கி வாங்கத் துணைக்கு வரச் சொன்னாள். லப்பக் நகரில் வெர்னனின் துப்பாக்கிக் கடைக்குப் போனோம்.

இருப்பதிலேயே லேசான, குட்டைக் குழல் ரிவால்வரை வெர்னன் எடுத்துக் கொடுத்தான். “இடுப்புல இருக்கிறதே தெரியாதும்மா. உங்க சாவிக்கொத்து இதவிடக் கனம்!”

கடைக்குப் பின்னாலிருந்த பயிற்சிக் கூடத்தில் ஒரே ஒரு குண்டு சுட்டாள். அது உதைத்த உதையில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த எலும்பு எப்படி ஒட்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

“தூக்கிட்டுப் போக சுகம், சுடறதுக்குத்தான் ஆகாது. கொஞ்சம் கனமானதக் காட்டுங்க, உதை குறையும்” என்றாள்.

எஃகில் செய்த ஒன்றை எடுத்துவந்தான். அவள் சுட்ட ஐந்து குண்டுகளும் குறிப்பலகையில் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. அதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள். கதவு சாத்தும் சத்தத்துக்கே பதறியவள் அவள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

“அவர் மேல கோவத்துல வாங்கல மாமா. தினமும் வேலைக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்து சேரணும், அவ்ளோதான்.”

நீ அவள் மணிக்கட்டை உடைத்த இரவு நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். எழுந்து வரவில்லை.

நீ வெளியே வரும்போது சிறை வாசலில் நிற்பேன். நேராக என் வீட்டுக்கு வா. அவள் தெருப் பக்கம் போக நினைத்தால், முதலில் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

உன் அப்பா