நாளா, இடமா?

ஜனவரி 9
படகு

கடையையும் என் பேரையும் சேர்த்துக் காப்பாற்றுகிறவளுக்கு,

போனில் பேசினால் நமக்குப் பம்பும் குழாயும்தான் வாயில் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பி வைத்த உன் தம்பி நேற்றுத்தான் கரை இறங்கினான். கொண்டுவந்தது சக்கரம் வைத்த பெட்டி இரண்டு. முப்பதடிப் படகில் அதை எங்கே உருட்டுவது, கடல் மேலேயா? உள்ளே இறக்கும்போதே பலகைத் தரையில் நீளமாக ஒரு கோடு போட்டான். ஒரே குளியலில் நாலு நாள் தண்ணீரைத் தீர்த்தான். "மாமா, தண்ணி நின்னுபோச்சே, நம்ம கடைக் குழாயா?" என்று நக்கல் வேறு. மூன்றாம் நாள், கையால் அடிக்கிற கக்கூஸ் பம்பில் ஈரத்துணியைப் போட்டு அடைத்தான். முப்பது வருஷம் பம்பு விற்றவன், மச்சான் அடைத்த பம்பைக் குப்புறப் படுத்து நோண்டினேன்.

போகிற பேச்சு வந்தபோது, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பழைய துறையில எறக்கி விட்ருங்க" என்றான், பஸ் கண்டக்டரிடம் சொல்வதுபோல. படகுக்கு வருகிறவன் நாளைச் சொல்லலாம், இல்லை இடத்தைச் சொல்லலாம். இரண்டையும் சொன்னால் காற்று ஒத்துக்கொள்ளாது. அந்த மகராசனுக்காக எதிர்க்காற்றில் ஒன்பது மணி நேரம் எஞ்சினை ஓட்டினேன். நடுவில் சப்ளையர் போன். சிக்னலுக்காகப் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன்.

மற்றபடி சுகம்.

உன் வீட்டுக்காரன்


ஜனவரி 20
கடை மாடி

கப்பல் முதலாளிக்கு,

தம்பியை வைதது போதும். அவன் உங்களைப் பற்றிச் சொன்னதை நான் எழுதவில்லை. அந்த மட்டும் சந்தோஷப்படுங்கள். "மனுஷங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு" என்று பதினாலு மாதம் முன்பு போனீர்கள். இப்போது நாளுக்கு நாற்பது போன் பேசுகிறீர்கள். அலுக்காத மனுஷர்கள் எங்கே கிடைத்தார்கள்?

கிடங்குக் கூரையை மாற்றியாயிற்று. புது மேனேஜர் தேவலை. ஒரு வாரம் நான் இல்லாவிட்டாலும் கடை கவிழாது.

படகில் படுக்கை இரண்டு இருக்கிறதாம், ஒன்றில் சாம்பிள் பெட்டிகள் படுத்திருக்கின்றனவாம். தரையில் படுத்த தம்பி சொன்னான். அப்படியா? சக்கரப் பெட்டி ஆகாதென்றால் வேறு எந்த மாதிரிப் பை? செருப்பு எப்படி இருக்க வேண்டும்? குமட்டலுக்கு என்ன சாப்பிடுவார்கள்? சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

நம் ஆமாஞ்சாமி மனைவியோடு படகைப் பார்க்க வேண்டுமாம். தெரியுமே, எதற்கும் "ஆமாங்க" போட்டுவிட்டு ஒரு ஆர்டரும் தராத அந்த ஹோட்டல்காரர். அனுப்புகிறேன், பேசி முடியுங்கள்.

கடையில் இருப்பவள்


பிப்ரவரி 6
படகு

முதலாளியம்மாவுக்கு,

ஆமாஞ்சாமி வந்தார், போனார். நங்கூரம் போட்டு அசையாமல் நின்ற படகிலேயே வாந்தி எடுத்தார், அதுவும் காற்று வருகிற பக்கம் குனிந்து. மிச்சத்தை நீயே ஊகித்துக்கொள். அந்தம்மா குதிகால் உயர்ந்த செருப்போடு ஏறி, "டிவி எங்கங்க வச்சிருக்கீங்க?" என்றார். நூற்றிருபது அறைக்கு எந்தப் பம்பு தாங்கும் என்று நான் தொண்டை கிழிய விளக்கினேன். அவர் தலை கவிழ்த்திருந்த வாளிக்குள்ளிருந்து "ஆமாங்க" என்று பதில் வந்தது. ஆர்டர் வரவில்லை.

நீ கேட்டதற்கு: சுருட்டி வைக்கிற துணிப்பை. வெள்ளை ரப்பர் அடி வைத்த செருப்பு. இஞ்சி. எதற்கு இதெல்லாம், பைக்கடை போடப் போகிறாயா?

முடிவாகச் சொல்கிறேன். இனி ஒருத்தரையும் அனுப்பாதே. வருகிறவர்கள் எல்லாம் ஒரே சரக்கு, லேபிள்தான் வேறு. இரண்டாவது படுக்கையில் பெட்டிகளே கிடக்கட்டும். அவை குளிக்காது, பேசாது, எப்போது கரை வரும் என்று கேட்காது.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 15

ஐயா,

உத்தரவு கிடைத்தது.

தம்பியிடம் விசாரித்து ஒரு நீலத் துணிப்பை வாங்கியிருந்தேன். வெள்ளை அடிச் செருப்பும் வாங்கி, பத்து நாளாக வீட்டுக்குள் போட்டு நடந்து பழகினேன். அரை வாளித் தண்ணீரில் குளிக்கப் படித்தேன். "ஏம்மா, வீட்டுல தண்ணிக் கஷ்டமா?" என்று மகள் கேட்டாள். நாளைச் சொல்வதா, இடத்தைச் சொல்வதா என்று ஒரு வாரம் யோசித்தேன். எந்தத் துறையில் ஏற்றுவது என்பதை உங்களிடம் விட்டு, இருபதாம் தேதிக்குக் கரை வரைக்கும் டிக்கெட் எடுத்தேன்.

நானும் அதே சரக்கு, லேபிள்தான் வேறு என்று தெரியாமல் போயிற்று. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பையில் இப்போது குழாய் மூடிகள் இருக்கின்றன. இனி சரக்குப் பேச்சை மேனேஜரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடை


பிப்ரவரி 24
படகு

உனக்கு,

மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

பதினாறு வயதில் தெருத்தெருவாய்க் குழாய் விற்றபோது படித்த முதல் பாடம், விலை கேட்கிறவன் வாங்க வந்தவன் என்பது. நீ பை கேட்டாய், செருப்பு கேட்டாய், குமட்டலுக்கு மருந்து கேட்டாய். வாசலில் நின்று இத்தனை கேட்ட ஆளைத் திட்டி அனுப்பிய கடைக்காரன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். உன் தம்பி அடைத்தது வெறும் பம்பை.

பெட்டிகளைக் கரையேற்றிக் கிடங்குக்கே அனுப்பிவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டேன், இரண்டு தடவை. வா. நாளையும் நீயே சொல், இடத்தையும் நீயே சொல். எதிர்க்காற்றானாலும் வந்து நிற்பேன்.

நான்


மார்ச் 5
கடை மாடி

படகுக்காரருக்கு,

நாள்: மார்ச் இருபத்தொன்று. இடம்: கடை வாசல், காலை ஒன்பது மணி, ஷட்டர் தூக்குகிற நேரம்.

இங்கிருந்து கடல் நாற்பது கிலோமீட்டர் என்பது எனக்கும் தெரியும். எதிர்க்காற்றானாலும் வருவேன் என்று எழுதியது நீங்கள்.

சக்கரப் பெட்டியே கொண்டுவரலாம், இங்கே சிமெண்டுத் தரை. விருந்தாளி குளிக்கத் தண்ணீருக்கு அளவில்லை. எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்க மாட்டேன்.

நீலப் பையில் குழாய் மூடிகள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றைக் கொட்டுவதா வேண்டாமா என்பதை, வாசலில் நீங்கள் வந்து நிற்கிற லட்சணத்தைப் பார்த்து முடிவு செய்வேன்.

கடையில் இருப்பவள்