அருவி அந்தப் பக்கம்

என் செல்லக் கழுதைக்கு,

சுற்றுலா பஸ்ஸில் உன் ஊருக்கு வந்திருக்கிறேன். அடிவாரத்துப் பழைய பாலம், குகை எல்லாம் பார்த்தாயிற்று. பாறை ஏன் வரிவரியாக நிறம் மாறுகிறது என்று கேட்டுக் கேட்டு வழிகாட்டியின் உயிரை வாங்கிவிட்டேன்.

காட்சிமுனையில் தொலைநோக்கிக்காரர், "அம்மா, அருவி அந்தப் பக்கம்! நீங்க வீடுங்களைப் பாக்கறீங்க" என்றார்.

"அருவி எங்கேயும் போயிடாது, இருப்பா" என்றேன்.

உன் வீட்டுக்கு அடையாளமாக அப்பா சொன்ன பச்சைக் கதவு தெரிந்தது. நான் உன் கல்யாணத்துக்கு வராததைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

விடுதி ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை பத்து மணிக்குத்தான் பஸ். உங்கள் மாடியில் இரண்டு நாற்காலிகளைப் பார்த்தேன். மூன்றாவது ஒன்று உள்ளே இருக்கிறதா என்பதுதான் தொலைநோக்கியை எவ்வளவு திருகியும் தெரியவில்லை.

இப்படிக்கு,
எதையும் எட்டிப் பார்க்கும் உன் அம்மா